தூத்துக்குடி முதல் உவரி வரை: அடுத்தடுத்த ஊர்கள், வேறு வேறு உலகங்கள்

கேள்வி இது: "குடும்பத்தோடு திருச்செந்தூர் கோயிலுக்குப் போகிறோம். தூத்துக்குடியில் இறங்கி, கடலை ஒட்டியே காரில் கன்னியாகுமரி வரை போகலாம் என்று எண்ணம். கோயிலை விட்டால் வழியில் இருப்பவை எல்லாம் ஒரே மாதிரி மீனவக் கிராமங்கள்தானே, இறங்கிப் பார்க்க ஏதாவது உண்டா?"

உண்டு. ஆனால் "ஒரே மாதிரி" என்பதை முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். அந்தக் கரையில் ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு ஊர் வரும். ஒன்றில் பெரும்பாலோர் கத்தோலிக்கர், அடுத்ததில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், அதற்கடுத்தது முருகனின் ஊர், பிறகு அம்மனின் ஊர். சாப்பாடு மாறும், வீடு கட்டும் முறை மாறும், கல்யாணம் ஆனபின் யார் யார் வீட்டுக்குப் போவது என்பதுகூட மாறும். தமிழ்நாட்டில் இவ்வளவு குறைந்த தூரத்தில் இவ்வளவு வேறுபாட்டை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஏன் இப்படி என்பதற்கு விடை கடலில் பாதி, ஆற்றில் பாதி இருக்கிறது. முத்து கடலில் கிடைத்தது. அதை விற்கும் துறைமுகம் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தாமிரபரணி தீர்மானித்தது. ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்டக் கரை கிழக்கே நகர்ந்தது, துறைமுகமும் கூடவே நகர்ந்தது. பாண்டியரின் கொற்கை இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சாதாரணக் கிராமம். சங்கப் பாடல்கள் அதன் முத்தைப் பாடுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்று, அங்கே தண்டனைக் கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்தார்கள் என்கிறது. கொற்கை தூர்ந்தபின் காயல் வந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ குதிரைகள் வந்திறங்குவதைச் சொல்லும் "காயில்" அதுதான். பழையகாயல்தான் அந்த இடம் என்று அடையாளம் கண்டவர் கால்டுவெல். பழையகாயலும் தூர்ந்தது. பிறகு ஆற்று முகத்துவாரத்தில் புன்னைக்காயல், கடைசியாக ஆற்றின் மண் அவ்வளவாக எட்டாத தூத்துக்குடி. நீங்கள் போகும் சாலையில் பழையகாயல் நேராகவே வரும். உப்பளங்களைத் தவிர ஒன்றும் தெரியாது. அதனால் இறங்கச் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு கடந்து போனால் போதும்.

இந்தக் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். சிப்பி விளையும் கடலடிப் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். பாரில் சிப்பி முற்றியிருக்கிறதா என்று முன்கூட்டியே ஆள் இறக்கிப் பார்த்து, முற்றியிருந்தால்தான் அந்த ஆண்டு சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அறிவிப்பார்கள். இடுப்பில் கயிறு, காலில் கல், மூச்சடக்கி இறங்கினால் ஒரு நிமிடத்துக்குள் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஏற வேண்டும். சுறா வராமல் மந்திரம் சொல்லிக் "கடலைக் கட்ட" ஒருவர் தனியாக இருப்பார், அவருக்குச் சிப்பியில் பங்கு உண்டு. இந்தக் கரையின் மீனவச் சமூகமான பரதவர்களில் ஞானஸ்நானம் பெற்றவர்களும் அவர் வராமல் கடலில் இறங்க மறுத்ததாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன. பாதிரியார்களுக்கு அதில் வருத்தம்தான், ஆனால் உள்ளே இறங்குகிறவனுக்கல்லவா சுறாவின் பயம்! கடைசி முத்துச் சலாபம் 1961இல் நடந்தது. அதன்பின் சிப்பி அந்த அளவுக்குத் தேறவே இல்லை. சங்கு குளிப்பது மட்டும் நீடிக்கிறது. தூத்துக்குடிச் சங்கு காலங்காலமாக வங்காளத்துக்குப் போய், அங்கே மணமான பெண்களின் கையில் வளையலாகிறது.

முத்து யாருக்கு என்ற சண்டைதான் இந்த ஊர்களின் மதத்தையே மாற்றியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து வணிகத்தில் முஸ்லிம் வணிகர்களின் கை ஓங்கியிருந்தது. மோதல் முற்றியபோது பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். விலை ஞானஸ்நானம். 1536, 1537 ஆண்டுகளில் ஊர் ஊராக மதம் மாறினார்கள். வாள்முனையிலும் இல்லை, பிரசங்கம் கேட்டு உருகியும் இல்லை. கடல் உரிமைக்காகச் சமூகமே கூடி எடுத்த அரசியல் முடிவு அது. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது பெயருக்குக் கிறிஸ்தவர்களாக இருந்தவர்களுக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. அவர் உள்ளூர்க்காரர்களின் உதவியோடு மந்திரங்களைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். 1544இல் அவர் எழுதிய கடிதங்கள் மணப்பாடு, புன்னைக்காயல், ஆலந்தலை, வீரபாண்டியன்பட்டினம், தூத்துக்குடி என்று ஊர் போட்டே இருக்கின்றன. இன்றைக்குப் பஸ் நிறுத்தங்களின் பட்டியலும் கிட்டத்தட்ட அதுவே.

அவருக்குப் பின் வந்த போர்த்துக்கீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலை மையமாக வைத்துப் பல ஆண்டுகள் இக்கரையில் வேலை செய்தார். தமிழ் எழுத்தில் முதலில் அச்சான புத்தகங்கள் அவருடையவை, 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் உட்பட. அச்செழுத்து தமிழுக்கு வந்ததில் இந்த மீனவ ஊர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏனோ இதைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள்.

இனி வழிக்கு வருவோம்.

தூத்துக்குடியில் இறங்கியதும் பழைய துறைமுகப் பக்கம் ஒரு நடை போங்கள். தோணிகள் நிற்கும். இங்கே தோணி என்றால் மீன்பிடிப் படகு இல்லை, சரக்கு ஏற்றும் பெரிய மரக்கலம். காய்கறியும் கட்டுமானப் பொருளும் மாலத்தீவுக்கு இன்னும் அதில் போகின்றன. வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்த ஊரில்தான். பக்கத்திலேயே பனிமய மாதா ஆலயம். பனியே பெய்யாத ஊரில் பனிமாதா, ஆகஸ்ட் 5 திருவிழா. பர்னாந்து, மச்சாடு, மோத்தா, கோமஸ், மிராண்டா என்று கடைப் பலகைகளைப் படித்தால் லிஸ்பனில் நிற்பதாகத் தோன்றும், உள்ளே பேச்சு சுத்தமான தூத்துக்குடித் தமிழ். மக்ரூன் வாங்கிக்கொள்ளுங்கள், முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் மட்டும்தான். ஈரம் பட்டால் நமத்துவிடும், டப்பாவை அடிக்கடி திறக்க வேண்டாம்.

அடுத்து காயல்பட்டினம். நீங்கள் அவசியம் நிறுத்த வேண்டிய ஊர் இது, ஆனால் பெரும்பாலானவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்து போகும் ஊரும் இதுதான். சுமார் 40,000 பேர் வாழும் நகராட்சி. திரையரங்கு கிடையாது, மதுக்கடை கிடையாது, காவல் நிலையம்கூடப் பக்கத்து ஆறுமுகநேரியில்தான். அரபு நாட்டிலிருந்து கடல்வழி வந்த வணிகர்களும் உள்ளூர்ப் பெண்களும் சேர்ந்து உருவான சமூகம் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. பழைய பள்ளிவாசல்களைப் பாருங்கள்: கருங்கல் தூண், போதிகை, தட்டைக் கூரை, எல்லாம் பாண்டிநாட்டுக் கோயில் கட்டிய அதே சிற்பிகளின் கை. உருவம் மட்டும் இருக்காது, பூவும் கொடியும் இருக்கும். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் இங்கும் கீழக்கரையிலும் செழித்தது. 17ஆம் நூற்றாண்டின் பெரிய அறிஞர் சதக்கத்துல்லா அப்பா இந்த ஊரில் பிறந்தவர்.

வீடுதான் இங்கே சுவாரசியம். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் பெண் வீடு மாறுவதில்லை, மாப்பிள்ளை வந்து சேருகிறார். ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு, அல்லது தாய் வீட்டில் ஒரு பங்கு கொடுப்பது பெற்றோர் கடமை. ஆண்கள் கொழும்பு, ஹாங்காங் என்று ரத்தினக்கல் வியாபாரத்துக்கும் இன்று வளைகுடாவுக்கும் போய் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டு வரும் ஊரில், பெண் தன் அம்மாவோடும் அக்கா தங்கைகளோடும் இருப்பதற்கு இந்த ஏற்பாடு எவ்வளவு பொருத்தம் என்று யோசித்துப் பாருங்கள். வீடுகளின் பக்கவாட்டில் ஒடுங்கிய முடுக்குகள் ஓடும். பெண்கள் தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு போய்வர அவை. அதனால் ஒரு வேண்டுகோள்: முடுக்குகளுக்குள் கேமராவோடு நுழையாதீர்கள். கடற்கரையில் மாலையில் உட்காருங்கள், ஊரே அங்கேதான் இருக்கும். தம்மடை கிடைத்தால் விடாதீர்கள், ரவையும் முட்டையும் நெய்யும் சேர்த்து அடுப்பில் சுட்டெடுக்கும் இனிப்பு. களறிச் சாப்பாடு கல்யாண வீட்டில்தான், யாராவது காக்கா (இங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) கூப்பிட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

2023 டிசம்பர் 17, 18இல் இதே ஊரில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஓர் ஆண்டு முழுக்கச் சேர்த்தும் அவ்வளவு பெய்யாத வறண்ட கரை இது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீருக்கு நடுவே நின்றது, ஊர்க்காரர்கள்தான் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். டிசம்பரில் போவதாக இருந்தால் வானிலைச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

திருச்செந்தூர் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோயிலுக்கு வடக்கே வீரபாண்டியன்பட்டினம், தெற்கே அமலிநகர், ஆலந்தலை. மூன்றும் கோயில் கோபுரத்தைப் பார்த்தபடி இருக்கும் கத்தோலிக்க ஊர்கள். அங்கே பேச்சுக் கொடுத்தால் "தூண்டில் வளைவு" என்ற சொல் கட்டாயம் வரும். கடலுக்குள் தூண்டில் முள் போல வளைத்துக் கொட்டும் கல் தடுப்பு அது. கரை அரிக்கிறது, படகு நிறுத்த இடமில்லை, எங்களுக்கும் ஒன்று கட்டிக் கொடுங்கள் என்று ஊர் ஊராகக் கேட்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், கரையோரமாக நகரும் மணலை ஒரு வளைவு பிடித்து வைத்துக்கொண்டால் அடுத்த ஊருக்கு வரவேண்டிய மணல் குறைகிறது, அங்கே அரிப்பு கூடுகிறது. அப்புறம் அந்த ஊரும் கேட்கிறது. கேட்பவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. முழுக் கரைக்கும் சேர்த்துத் திட்டமிடாமல் ஊருக்கு ஒன்றாகக் கொட்டுவதுதான் கோளாறு.

அடுத்து குலசேகரன்பட்டினம், ஊர்க்காரர்கள் வாயில் குலசை. புரட்டாசியில் தசரா நேரத்தில் போனால் இந்த ஊரை மறக்க முடியாது, மற்ற நாளில் போனால் நினைவில் நிற்காது. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேடம் போடுவார்கள். காளி, குறவன், குறத்தி, போலீஸ், பைத்தியக்காரன், குரங்கு என்று எதுவும். வேடத்தோடு ஊர் ஊராகப் பிச்சை எடுத்து, அந்தக் காசைக் கோயிலில் செலுத்த வேண்டும். வசதியானவரும் எடுக்க வேண்டும், அதுதான் நேர்த்தியின் சாரம். சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஊர் தசரா குழு உண்டு, மேளமும் ஆட்டமும் இரவெல்லாம். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம். சின்னப் பிள்ளைகளோடு அன்றைக்கு மட்டும் போகாதீர்கள், லட்சக்கணக்கில் கூட்டம்.

இந்த ஊருக்கு வேறு கதைகளும் உண்டு. 1942 ஆகஸ்ட் போராட்டத்தின்போது இங்குள்ள உப்பளத்தில் லோன் என்ற ஆங்கிலேய உப்பு அதிகாரி கொல்லப்பட்டார். அந்த வழக்கில் ராஜகோபாலன், காசிராஜன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு குறைக்கப்பட்டது. அதற்கும் முன்னால், பனைவெல்லத்திலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையும், இங்கிருந்து திசையன்விளை வரை ஒரு குட்டி ரயிலும் இருந்தன. 1940 வாக்கில் ரயில் நின்றுபோனது. இப்போது ராக்கெட். 2024 பிப்ரவரி 28இல் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். காரணம் எளிது. துருவப் பாதைக்குத் தெற்கு நோக்கி ஏவ வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அப்படி ஏவினால் இலங்கை குறுக்கே வரும், வளைந்து போக வேண்டும், அதற்கு எரிபொருள் வீண். சிறிய ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. குலசையிலிருந்து தெற்கே அண்டார்டிகா வரை திறந்த கடல். ஏவும் நாட்களில் கடலுக்குப் போகாதே என்பார்களே என்ற கவலை பக்கத்து மீனவர்களுக்கு இருக்கிறது, நியாயமான கவலை.

குலசையிலிருந்து சற்று உள்ளே திரும்பினால் உடன்குடி, அதைத் தாண்டினால் தேரி. கடல் பார்க்க வந்தவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். இரும்புத்தாது கலந்த செக்கச் சிவந்த மணல் மேடுகள், கடலிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்திலேயே ஒரு பாலைவனம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுதான் இதைக் கொண்டுவந்து சேர்த்தது. அந்த மணலில் வளர்வது பனையும் முந்திரியும். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, ஆனால் பனை ஏற ஆள் குறைந்துகொண்டே வருகிறது. அதனால் சாலையோரத்தில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் சீனி கலந்தது. உடைத்துப் பாருங்கள்: உள்ளே படிகம் போல மினுங்கினால் சந்தேகம் கொள்ளலாம். பதநீர் கோடையில் காலையில்தான், நுங்கும் அப்போதே.

மணப்பாடு. இந்த வழியில் அழகான கடற்கரை என்றால் இதுதான். தட்டையான கரையில் திடீரென்று ஒரு மணற்பாறைக் குன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், உச்சியில் திருச்சிலுவை ஆலயம், கீழே கருமேனியாறு கடலில் சேரும் காயல், அதாவது உப்பங்கழி. புயலில் தப்பிய போர்த்துக்கீசியக் கப்பலின் பாய்மரத்தில் செய்த சிலுவையை இங்கே நட்டார்கள் என்பது மரபு, கோயில் 1581இல் வந்தது. குன்றின் கடல்பக்கச் சரிவில் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. செப்டம்பர் 14இல் திருவிழா முடியும். ஊருக்குள்ளும் நடங்கள். இலங்கை வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் கட்டிய பெரிய பெரிய வீடுகள், சில பூட்டிக் கிடக்கின்றன. பனை ஓலைப் பெட்டிகளைப் பெண்களின் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கலாம், பிளாஸ்டிக் டப்பாவை விட நன்றாக உழைக்கும். அலைச்சறுக்கு விளையாட இப்போது இளைஞர்கள் வருகிறார்கள். நீங்கள் குளிக்க நினைத்தால் காயல் பக்கம், உள்ளூர்க்காரரைக் கேட்டுவிட்டு. குன்றின் முனையில் வேண்டவே வேண்டாம், நீரோட்டம் இழுக்கும்.

அதற்குத் தெற்கே பெரியதாழை, பிறகு உவரி. உவரியில் கடலோரமாகவே சுயம்புலிங்க சுவாமி கோயில், கொஞ்சம் தள்ளி அந்தோணியார் கோயில். செவ்வாய்க்கிழமை அந்தோணியாரிடம் வருபவர்களில் பாதிப்பேர் நெற்றியில் திருநீறோடு இருப்பார்கள். சுயம்புலிங்கத்துக்கு நேர்ந்தவர்கள் ஓலைப்பெட்டியில் கடல் மணலை அள்ளித் தலையில் சுமந்துவந்து கரையில் கொட்டுவார்கள். கப்பல் மாதா கோயிலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், கட்டடமே கப்பல் வடிவம், மேலே ஒரு விமானம். எனக்கு அது அழகாகத் தெரியவில்லை, ஆனால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இந்தப் பக்கத்து மணலில் கறுப்பும் சிவப்பும் வரிவரியாக ஓடுவதைக் கவனித்தீர்களானால், கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். இதைத்தான் அள்ளி விற்றார்கள். 2013இல் அரசு நிறுத்தியது.

உவரியிலிருந்து உள்ளே கொஞ்ச தூரத்தில் இடையன்குடி. கால்டுவெல் 1841இலிருந்து பல்லாண்டு வாழ்ந்த ஊர், அவர் கட்டிய திரித்துவ ஆலயத்திலேயே அடக்கமாகியிருக்கிறார். வீடு நினைவில்லமாக இருக்கிறது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் எந்த மாதிரிப் புழுதிக் காட்டில் உட்கார்ந்து அதை எழுதினார் என்று நேரில் பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

அதற்கப்பால் கூத்தன்குழி, இடிந்தகரை, கூடங்குளம். 2011, 2012இல் அணு உலைக்கு எதிராக இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்பந்தலில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் மீனவப் பெண்கள். ஊர் அதை இன்னும் மறக்கவில்லை. அங்கே படம் எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள், தேவையில்லாத விசாரணை வரும். கன்னியாகுமரி அங்கிருந்து அதிக தூரமில்லை.

மீன் சாப்பிடத்தான் போகிறோம் என்றால் இரண்டு விஷயம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு போகும், மீன் கொஞ்சம், விலை அதிகம். இந்தக் கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பொதுவாகக் கடலுக்குப் போகமாட்டார்கள், திங்கள் காலை உணவகத்தில் "இன்றைய மீன்" என்றால் சிரித்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரிதான் நான் சொல்லும் மாதம்: மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, பனங்கிழங்கும் கிடைக்கும்.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறதென்றால் காயல்பட்டினத்தில் காலை, தேரியில் மதியத்துக்கு முன் அரை மணி நேரம், மணப்பாட்டில் மாலை. உவரியையும் இடையன்குடியையும் மறுநாள் கன்னியாகுமரி போகும் வழியில் பார்த்துக்கொள்ளலாம், கூகுள் வரைபடம் நான்குவழிச் சாலைக்கு இழுக்கும், கடலோரச் சாலையிலேயே போங்கள்.